இடது பக்கம் மட்டும் மந்தம்

ஒருவர் டெமோ ரூமுக்குள் வருகிறார். பாட்டைக் கேட்பதற்கு முன்னால் ஸ்பீக்கரின் விலாவில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுகிறார். பலாப்பழம் வாங்குகிறவர் மாதிரி தலையைச் சாய்க்கிறார். அப்போது நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, சிரிக்காமல் இருப்பது. அவர் ஸ்பீக்கர் வாங்க வரவில்லை. விசாரணைக்கு வந்திருக்கிறார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். பெங்களூரில் ஸ்பீக்கர் தூக்கித் தூக்கி என் முதுகு போன வருடம் ரிட்டயர் ஆகிவிட்டது. அதைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் கூடவே வந்துவிட்டேன். வாட், ஓம் எல்லாம் கம்பெனி டிரெய்னிங்கில் சொல்லிக்கொடுப்பார்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு வாடிக்கையாளரையும், அவர் வீட்டில் எனக்கு வேர்த்த வேர்வையையும் பற்றி.

தட்டிப் பார்க்கிறவர்களுக்கு எங்கள் கடையில் ‘காதுக்காரர்கள்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். அவர்களுடைய வேதம் எளிமையானது. மாலில் விளக்குப் போட்டுப் பெயர் தொங்கவிடும் கம்பெனி எதுவும் ஸ்பீக்கர் செய்யவில்லை, டப்பா செய்கிறது. விளம்பரத்தில் சினிமா நட்சத்திரம் வந்தால் பாதி விலை அவருக்கு, மீதி அட்டைப்பெட்டிக்கு. ஸ்பீக்கருக்கு என்ன மிச்சம்? பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியிருக்கிறார் என்றால் அதுவே அது மட்டமான சாமான் என்பதற்குச் சான்று. ஞாயிற்றுக்கிழமை காலை ஒருவர் வீட்டில் கூடுவார்கள், காபி குடித்துக்கொண்டே ஒரு பெரிய கம்பெனியை நிற்கவைத்துத் தோலுரிப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதற்கு நஞ்சு வைத்து, அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

அவர்களைக் கிண்டல் செய்து பழகிவிடாதீர்கள். அவர்கள் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு பிரபலமான ஸ்பீக்கரைத் திறந்து பார்த்தபோது, கனமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே உள்ளே ஓர் இரும்புக் கட்டியை ஒட்டி வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். நம் ஆட்கள் மட்டும் யோக்கியமா? விற்க வேண்டிய ஜோடிக்கு மட்டும் ஒரு பொட்டு சத்தம் கூட்டி வைப்போம். சத்தம் கொஞ்சம் கூடினால் இனிமையே கூடிவிட்டதாக மனுஷக் காது நம்பிவிடும். காதுக்காரர்களுக்கு இந்த வித்தை தெரியும். அதனால் கடைக்காரன் வாயிலிருந்து என்ன வந்தாலும், மழை பெய்கிறது என்று சொன்னால்கூட, ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் என் கழுத்தைப் பிடித்தது இதுதான்.

அந்தக் காதுக்காரர்களுக்கெல்லாம் தலைவர் ஸ்டான்லி சார். ரிச்சர்ட்ஸ் டவுனில் பழைய வீடு. பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சர்ச் காயரில் பாடுகிறவர். பின்வரிசையில் யாராவது சுருதி விலகினால் திரும்பிப் பார்க்காமலே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவருடைய வாட்ஸ்அப் குழுவில் அவர் ஒரு வரி போட்டால் அந்த ஸ்பீக்கரை அதற்கப்புறம் நகரத்தில் எந்தக் காதுக்காரரும் தொடமாட்டார். அவர் வீட்டு ஹாலில், தன் கையாலேயே செய்த இரண்டு ஸ்பீக்கர்கள் ஃப்ரிட்ஜ் உயரத்துக்கு நின்றன.

நின்றன என்கிறேன். ஹாலுக்குப் பெயின்ட் அடிக்கும்போது அவருடைய மனைவி ஷீலா மேடம் அவற்றைப் பின்னறைக்கு நகர்த்தி, பெட்ஷீட் போட்டு மூடிவிட்டார். ஸ்கூல் டீச்சர். முடிவெடுத்தால் மணி அடித்த மாதிரி. நேரே எங்கள் கடைக்கு வந்து, அப்போதுதான் நாங்கள் ஏஜென்சி எடுத்திருந்த ஒரு பெரிய கம்பெனியின் வெள்ளை நிறச் சின்ன ஜோடியை வாங்கினார். அந்த ஏஜென்சியை எடுக்கச் சொல்லி ஓனரை நச்சரித்தவன் அடியேன்.

“முரளி, அந்த ரெண்டு பீரோவும் மறுபடி என் ஹாலுக்குள்ள வரக்கூடாது, புரியுதா?” என்றார் மேடம்.

சனிக்கிழமை நானே போய் மாட்டிவிட்டு வந்தேன். ஸ்டான்லி சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் இருந்த திசையையே பார்க்கவில்லை. மாமியார் பார்த்துவைத்த மாப்பிள்ளையைப் பெண்ணின் அப்பா நடத்துவது போல நடத்தினார்.

புதன்கிழமை கடைக்குப் போன் வந்தது. எடுத்தது ஓனர். அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

“இடது பக்கம் மந்தமா இருக்காம். திங்கக்கிழமை காலையிலிருந்து. ஞாயித்துக்கிழமை அவங்க கூட்டம் இருக்கே, அங்க எடுத்துக்கிட்டுப் போய் எல்லாருக்கும் காட்டறேங்கறாரு.” ஓனர் கன்னடக்காரர், கோபம் வந்தால்தான் தாய்மொழிக்குப் போவார். “ஜகள பேடா முரளி. சண்டையே வேணாம். யார் இந்த ஏஜென்சி எடுக்கச் சொன்னாங்களோ அவங்களே போய் முடிச்சிட்டு வரணும். இல்லேன்னா ஞாயித்துக்கிழமைக்கப்புறம் நீயும் அந்த ஸ்பீக்கரும் ஒரே ஆட்டோல வீட்டுக்குப் போயிடுங்க.”

அன்று ராத்திரி ஜோகுபாளையத்தில் என் வீட்டில் படுத்துக்கொண்டு, பையன் படிப்பு, வீட்டு வாடகை, ஐம்பதை நெருங்கும் டெமோ ரூம் ஆளுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று வரிசையாக யோசித்தேன். நடுவில் ஒரு சந்தேகம் முளைத்தது. சனி, ஞாயிறு நன்றாக இருந்த ஸ்பீக்கர் திங்கட்கிழமை எப்படிக் கெடும்? சார் நடிக்கிறார். பெண்டாட்டி வாங்கியதைத் துரத்திவிட்டுத் தன் பீரோக்களைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார். இது தோன்றியதும் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. அடுத்தவர் மேல் சந்தேகம் வந்துவிட்டால் நம் பயம் எவ்வளவு லேசாகிவிடுகிறது பாருங்கள்.

வியாழக்கிழமை காலை ரிச்சர்ட்ஸ் டவுன் போனேன். கதவைத் திறந்த மேடம் என் காதோடு சொன்னார். “டிராமா போடறாரு முரளி. எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குது.”

ஆக, கட்சியில் இரண்டு பேர்.

“வா மேன்,” என்றார் ஸ்டான்லி சார். “உக்காரு. கேளு. அப்புறம் பொய் சொல்லு.”

பாட்டைப் போட்டார். கேட்டேன். இரண்டு பக்கமும் ஒன்றாகவே கேட்டது. இன்னும் கவனமாகக் கேட்டேன். இன்னும் ஒன்றாகக் கேட்டது. ஒருவேளை போனது என் காதோ? தொழிலே காதுதானே? டெமோ ரூமில் இத்தனை வருடம் உட்கார்ந்து காது தேய்ந்துபோய், ஸ்பீக்கரில் ஓட்டை இருப்பது இவருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் போகிறதோ? யாருக்கும் தெரியாமல் ஒரு காதைப் பொத்திப் பார்த்தேன். பிறகு அடுத்த காதை.

“என்ன மேன், காதுல எறும்பா?”

“இல்ல சார், செக் பண்றேன்.”

“ஸ்பீக்கரச் செக் பண்ணு.”

இந்த மாதிரிப் புகாருக்கு நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எதையும் திறக்காதீர்கள், முதலில் இடம் மாற்றுங்கள். இடது ஸ்பீக்கரை வலப்பக்கம் வையுங்கள், வலதை இடப்பக்கம். குறை ஸ்பீக்கரோடு போனால் ஸ்பீக்கர் கெட்டது. போகாமல் அதே இடத்தில் நின்றால் குற்றவாளி வேறு.

மாற்றினேன்.

“இப்பவும் இடது பக்கம்தான்,” என்றார்.

மேடம் என்னைப் பார்த்துக் கண்ணால் ‘பார்த்தியா’ என்றார். நடிப்புத்தான் என்று எனக்கும் உறுதியாகிவிட்டது. ஸ்பீக்கரோடு குறையும் வலப்பக்கம் வர வேண்டும் என்பதை மறந்து சொதப்பிவிட்டார் மனுஷன்.

“அப்போ ஸ்பீக்கர்ல குறை இல்ல சார்,” என்றேன், கொஞ்சம் திமிராகவே.

“ரெண்டும் கெட்டிருக்கலாம். பெரிய கம்பெனி, ஒண்ணை மட்டுமா கெடுப்பான்?”

ஆம்ப்ளிஃபயரில் வயரை மாற்றினேன். இடது பக்கம்தான். இடது பக்கத்து ஜன்னலின் திரையை இழுத்து மூடினேன். இடது பக்கம்தான். பயத்தில் எனக்கு வாய் தானாக ஓடும். புது பெயின்ட் ஈரம் சத்தத்தை உறிஞ்சலாம் என்றேன். ஸ்டெபிலைசர் என்றேன். தெருவில் கேபிள் தோண்டுகிறார்கள் என்றேன். மேடம் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, மேசையில் இருந்த சாருடைய காபியையும் குடித்துவிட்டேன்.

“அதுகூடப் பரவால்ல முரளி,” என்றார் ஸ்டான்லி சார், காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டே. “இந்த ஸ்பீக்கரக் கேட்டதிலேருந்து காதே அடைச்ச மாதிரி ஆயிடுச்சு. நல்ல ஸ்பீக்கர்னா எவ்ளோ நேரம் கேட்டாலும் காது களைக்காது. இது பார், நிறுத்தினப்புறமும் ‘ஙொய்’னு ஒரு சத்தம். ஆம்ப்ளிஃபயர் ஹம். சனியன், ஸ்விட்ச் ஆஃப் பண்ணாலும் கேக்குது.”

நான் குனிந்து வயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். கை நின்றது. ஆஃப் செய்த ஆம்ப்ளிஃபயரில் ஏது ஹம்?

அப்போது அவருடைய போன் அடித்தது. இடது காதில் வைத்து “ஹலோ, ஹலோ” என்றார். போனை எடுத்துப் பார்த்துவிட்டு வலது காதுக்கு மாற்றிப் பேசினார். வைத்துவிட்டு, “இதுவும் அப்படித்தான். பெரிய கம்பெனி போன்,” என்றார்.

ஹாலில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வேர்த்தது.

மேலோட்டமாகக் கேட்பது போல, “காயர் எப்படிப் போகுது சார்?” என்றேன்.

“அதக் கேளு. நேத்து ப்ராக்டீஸ்ல இடது பக்கம் நிக்கிறவங்க குரலே எழும்பல. சர்ச்சிலயும் இதே கம்பெனி செட்டுதான் வச்சிருக்காங்க. நான் அப்பவே சொன்னேன்.”

“ப்ராக்டீஸுக்கு மைக் போடுவீங்களா சார்?”

“ப்ராக்டீஸுக்கு எதுக்கு மேன் மைக்? சும்மா நின்னு பாடறதுதான்.”

சொல்லிவிட்டு அவர் ஸ்பீக்கரைத் திட்டப் போய்விட்டார். தான் சொன்னது அவர் காதிலேயே விழவில்லை. எனக்கு விழுந்தது. அத்திபெலேயில் ஃபேக்டரியில் வேலை செய்யும் என் மச்சானுக்கு ஒரு காலையில் இப்படித்தான் ஒரு காது அடைத்துக்கொண்டது. அழுக்கு என்று நினைத்து ஒரு மாதம் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் போனபோது டாக்டர் கேட்டது ஒன்றுதான்: வந்த உடனே ஏன் வரவில்லை? இன்றும் அவனை யாராவது அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டால், கூப்பிட்டவர்தான் சுற்றி வர வேண்டும்.

சார் நடிக்கவில்லை. திங்கட்கிழமை காலை போனது ஸ்பீக்கர் இல்லை. அவருடைய இடது காது. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போயிருப்பார்கள். இவர் கேட்ட குறை ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பெனியின் பெயர் கைவசம் இருந்தது. அதனால் நாலு நாளாக ஸ்பீக்கரைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அப்புறம் கம்பெனிக்கு மெயில் எழுதுவார். அதற்கு அவர்கள் பதில் போடுவதற்குள் காது போய்ச் சேர்ந்துவிடும்.

இப்போது சொல்லுங்கள், உங்களில் யாராவது என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ‘சார், ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு, உங்க காதுதான் கெட்டுப்போச்சு.’ நகரத்தின் முதல் காதுக்காரரிடம், அவர் மதிக்காத கம்பெனியின் ஏஜென்ட், தன் சாமானை அவர் திட்டிக்கொண்டிருக்கும் நாளில் சொல்ல வேண்டிய வசனம் இது. சொன்னால் அடுத்த நிமிடம் நான் தெருவில். அதுகூடப் பரவாயில்லை. அதற்கப்புறம் அவர் பெண்டாட்டி சொன்னாலும், டாக்டரே சொன்னாலும், கடைக்காரன் சொல்லிக்கொடுத்தது என்று நினைத்துவிட்டால்? ஒரு பொட்டு சத்தம் கூட்டி வைத்தே விற்றுப் பழகிய நமக்கு, ஒரு நாள் உண்மை சொல்ல வேண்டி வந்தபோது கையில் நம்பிக்கை என்று ஒரு பைசா இல்லை.

மூளை வேலை செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முழங்கால்தான் முந்திக்கொண்டது. சட்டென்று எழுந்து, “சார், நீங்க சொல்றதுதான் சரி. ஸ்பீக்கர் கெட்டதுதான்,” என்றேன்.

மேடம் அதிர்ந்துபோனார். “முரளி!”

“ஆமா மேடம். ரெண்டையும் நான் எடுத்துக்கிட்டுப் போறேன். பணம் முழுசா வந்துடும்.” அங்கேயே ஓனருக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கர்போனில் வைத்தேன். “சார், ரிட்டர்ன் எடுத்துக்கறேன். நம்ம தப்புதான்.” அந்தப் பக்கம் ஓனர் தாய்மொழிக்குப் போய்விட்டார். முழுவதையும் கேட்காமல் வைத்தேன். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டான்லி சாருக்குத் திருப்தி ஏற்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் கண் சுருங்கியது. “என்ன மேன் இது? இவ்ளோ சீக்கிரம் ஒத்துக்கறே? இதுல என்ன வில்லங்கம்?”

“ஒண்ணும் இல்ல சார். இனிமே உங்ககிட்ட எனக்கு விக்கறதுக்கும் ஒண்ணும் இல்ல, ஜெயிக்கறதுக்கும் ஒண்ணும் இல்ல. பேக் பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை எனக்காகக் கேளுங்க. சேரைத் திருப்பிப் போட்டு, சுவத்தப் பாத்து உக்காந்து.”

“பைத்தியமா உனக்கு? ஸ்பீக்கருக்கு முதுகக் காட்டிட்டு யாராவது கேப்பானா?”

“ஏஜென்சிக்காரன் பைத்தியம்தான் சார். உக்காருங்க.”

அவர் அசையவில்லை. மேடம்தான் வந்து நாற்காலியைத் திருப்பினார். நான் சொல்ல வந்தது அவருக்குப் பாதி புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். “உக்காருங்க,” என்றார். வகுப்பில் சொல்கிற குரல் அல்ல அது.

உட்கார்ந்தார். பாட்டைப் போட்டேன்.

திரும்பி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதுவரை அவருக்கு நன்றாகக் கேட்ட ஸ்பீக்கர் இப்போது அவருடைய இடப்பக்கம். குறை வீட்டில் இருந்தால், வயரில் இருந்தால், ஆம்ப்ளிஃபயரில் இருந்தால், அது ஜன்னல் பக்கமே நிற்க வேண்டும். ஆளோடு திரும்பக் கூடாது.

பாட்டில் ஒரு சரணம் முடிந்தது. அவர் சுவரைப் பார்த்தபடி வலது காதைப் பொத்தினார். பிறகு எடுத்தார். மறுபடி பொத்தினார். அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே வந்தது.

“ஷீலா,” என்றார்.

“சொல்லுங்க.”

“நேத்து கிச்சன்லேருந்து என்னக் கூப்பிட்டியா?”

“மூணு தடவை கூப்பிட்டேன். கோவமா இருக்கீங்கன்னு நெனச்சேன்.”

நான் அங்கே வாய் திறக்கவில்லை. என் பணிக்காலத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே தருணமாக அது இருக்கும்.

மேடம் புக் செய்த ஆட்டோ எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தது, வரவில்லை. நான் சாரை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். எங்கே ஒரு பள்ளத்தில் விட்டு அவருடைய மிச்சக் காதையும் உடைத்துவிடுவேனோ என்ற பயத்தில் நடக்கிற வேகத்தில் ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். என் தோளைப் பிடித்திருந்த கை இறுகியது.

“எல்லா ஹாரனும் வலது பக்கமே கேக்குது மேன்,” என்றார்.

டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, எப்போதிலிருந்து என்று கேட்டார். திங்கட்கிழமை என்றார் சார். “இப்பவாவது வந்தீங்களே. எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது. ஆனா முயற்சி பண்ண நேரம் இருக்கு,” என்று அன்றைக்கே மருந்தை ஆரம்பித்தார். நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து என் இரண்டு காதையும் மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நர்ஸ் வந்து, டோக்கன் வேண்டுமா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கூட்டத்துக்குப் போகவில்லை. குழுவில் ஒரு வரியும் வரவில்லை. ஓனர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் நடந்ததைச் சொன்னபோது, நான் கட்டிய கதையோ என்று இரண்டு நாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியில் திரும்பி வந்த வெள்ளை ஜோடி டெமோ ரூம் மூலையில் கிடந்தது.

இந்தத் தொழிலில் ஒருநாள் நீங்களும் இப்படி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டி வரும். வாடிக்கையாளருக்கு நல்லதாகவும், உங்களுக்கு லாபமாகவும் ஒரே சமயத்தில் இருக்கும் உண்மை. அந்த லாபத்தை அவர் கண்ணெதிரே தூக்கிப் போட்டுவிட்டு அப்புறம் வாயைத் திறவுங்கள். முடிந்தால் திறக்காதீர்கள், நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் ஸ்டான்லி சார் கடைக்குள் வந்தார். மேடமும் கூடவே. வெள்ளை ஜோடியைக் காட்டி, “போடு மேன்,” என்றார். என் விரல் பழக்கதோஷத்தில் சத்தத்தை ஒரு பொட்டு கூட்டப் போனது. அவர் பார்த்தார். குறைத்தேன்.

கண்ணை மூடிக் கேட்டார். பிறகு யாரும் சொல்லாமலே எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து கேட்டார். டாக்டர் கொடுத்த மருந்தைக்கூட அவர் சும்மா நம்பிவிடவில்லை. பாட்டு முடியும்வரை ஓனர், நான், மேடம், மூன்று பேரும் மூச்சுவிடாமல் நின்றோம். மேடம் என் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் எழுந்தார். போகிற வழியில் ஸ்பீக்கரின் விலாவில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார்.

“மட்டமான சாமான்,” என்றார். “ஆனா இப்போ ரெண்டு பக்கமும் ஒரே மந்தம்.”

மேடம் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவசரமாக வயர் சுருட்ட ஆரம்பித்தேன். மாட்டியிருந்த வயரை.